பாட்டுப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாடக, சினிமாப் பாட்டுப் புத்தகங்களை ஏன் காக்க வேண்டும், எப்படிக் காப்பது என்பதைச் சொல்லவே இக்கடிதம். நாடகத்தையும் சினிமாவையும் தமிழ் ஆய்வுலகம் வெகுகாலம் ஏறெடுத்தும் பார்க்காததற்குப் படித்தவர்களின் மேட்டிமைதான் காரணம் என்பார்கள். அது மட்டுமே காரணமல்ல. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது) பார்த்துப் பழகிய கல்விக்குக் கையில் ஒரு பனுவல் வேண்டும். ஒரே குழுவாக இல்லாமல், நடிகர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் அது கிடையாது. வெவ்வேறு ஊரிலிருந்து வரும் ராஜபார்ட்டும் (நாயக வேடக்காரர்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி வேடக்காரர்) ஒத்திகை இல்லாமலே மேடையேறுவார்கள். வள்ளி திருமணத்தின் கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமோ எதிராளியின் கேள்வியையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் பொறுத்து அந்த மேடையிலேயே உருவாவது. இதில் ஆசிரியர் யார், மூலம் எது? விடை கிடைக்காததால் கலையே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

எஞ்சியவை மலிவான பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸுகளும். அவற்றையும் நூலகங்கள் பெரும்பாலும் சேர்க்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நாங்கள் வாழும் இதே பம்பாயில் எடுக்கப்பட்டது. இன்று அதன் படச்சுருள் இல்லை. இப்படி அழிந்த படங்களுக்குப் பாட்டுப் புத்தகமும் விளம்பரமுமே சாட்சி. மும்பைத் தமிழர் வாழும் மாட்டுங்கா, செம்பூர், தாராவி வீட்டுப் பரண்களில் அவை இன்னும் இருக்கக்கூடும்.

கிடைத்தால் லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பின் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். மட்டமான மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி, மடிப்பில் முதலில் ஒடியும். ஆகவே 180 பாகை விரித்து அழுத்தக் கூடாது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல், அதன் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூல் கோக்கலாம். 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பாட்டு மட்டும் போதாது: பின்னட்டை விளம்பரம், விலை, அச்சகப் பெயர், கொட்டகை முத்திரை எல்லாம் வேண்டும். எந்த ஊரில், யாருக்கு, என்ன விலைக்கு விற்றது என்பதை அவைதான் சொல்லும்.

மும்பை மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ ஆகாது, பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற உறையில் படுக்கை வசமாக வைத்து, ஈரப்பதத்தை 50 சதவீதம் அளவில் காப்பது நல்லது. யார் வீட்டில், எந்த ஊரில் வாங்கியது என்பதைப் புத்தகத்தின் மேல் எழுதாமல், உறையின் மேல் பென்சிலால் குறித்துவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய அச்சுத்தாள் பராமரிப்போர் சிலர்,
மாட்டுங்கா, மும்பை