மின்ட் மாத்தணும், ஆனா போட்டோ எல்லாம் போயிடுமான்னு கேக்குறவங்களுக்கு

வணக்கம். நம்ம கடைல லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டு கம்ப்யூட்டர் வாங்கிட்டுப் போன எல்லாருக்கும் இந்த மடல். மின்ட் 20-க்கு அப்டேட் வர்றது 2025 ஏப்ரலோட நின்னுபோச்சு, 22 போட்டுக்கலாம்னு சொன்னா உடனே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "பாப்பா போட்டோ போயிடுமாண்ணே?" போகாது. ஒரே ஒரு டிக்ல இருக்கு விஷயம்.

நாங்க குடுத்த மிஷின்ல ஹார்ட்டிஸ்க்க பிரிச்சுதான் வச்சிருக்கோம், சிஸ்டத்துக்கு 50 ஜிபி, மிச்சம் பெருசா இருக்குறது ஹோம், உங்க போட்டோ டாகுமென்ட் எல்லாம் அதுலதான். வீட்லயே போடுறவங்க இன்ஸ்டால் பண்றப்ப "இரேஸ் டிஸ்க்"னு வரும் பாருங்க, அது பக்கமே போகாதீங்க, மொத்தமும் காலி. கடைசில இருக்குற "சம்திங் எல்ஸ்" எடுங்க. 50 ஜிபி-க்கு மவுன்ட் பாயின்ட் (அந்த பார்ட்டிஷன் எதுக்குன்னு சொல்ற இடம்) வெறும் ஸ்லாஷ் (/), ஃபார்மட் டிக் போடலாம். பெருசுக்கு ஸ்லாஷ் ஹோம் (/home), டிக் போடவே கூடாது. "இன்ஸ்டால் நவ்" அமுக்கினதும் எத எத ஃபார்மட் பண்ணப்போறேன்னு ஒரு பெட்டி வந்து காட்டும், அவசரத்துல கன்டின்யூ அடிக்காம படிங்க, ஹோம் பார்ட்டிஷன் அதுல இருந்தா பின்னாடி போயிடுங்க. விண்டோசும் சேத்து வச்சிருக்கவங்க அந்த சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் (கம்ப்யூட்டர் பூட் ஆகுற ஃபைல் இருக்குற இடம்) ஃபார்மட் பண்ணிடாதீங்க.

அப்புறம் யூசர்நேம். பழைய பேரையே எழுத்து மாறாம குடுங்க. ஒருத்தர் கடைசில ஒரு எழுத்து கூட அடிச்சிட்டு, டெஸ்க்டாப்ல ஒண்ணுமே காணோம்னு ராத்திரி பத்தரைக்கு போன், பாவம் குரலே நடுங்குது, பாத்தா எல்லாம் பழைய பேர்ல பக்கத்து ஃபோல்டர்லயே பத்திரமா உக்காந்திருக்கு.

எங்க தப்பு ஒண்ணையும் சொல்லிடுறேன். பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருந்த ஒரு கஸ்டமர், ஹோம தொடல, நிம்மதியா சிஸ்டத்த ஃபார்மட் பண்ணிட்டோம், ஆனா பில் கணக்கெல்லாம் சேத்து வைக்கிற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இருக்குறது ஹோம்ல இல்ல, சிஸ்டம் பக்கம் வார் (/var) ஃபோல்டருக்குள்ள. போச்சு. நல்லவேளை முந்தின வாரம் அவர் எடுத்த காப்பி மெயில்ல இருந்துச்சு, இல்லன்னா அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதுலேர்ந்து பேக்கப் இல்லாம எந்த மிஷினையும் தொடுறதில்ல, ஹோம் தனியா இருந்தாலும் சரி.

பேக்கப் எடுக்குறப்ப கன்ட்ரோல் ஹெச் அடிச்சு மறைஞ்சிருக்குற ஃபோல்டரையும் சேத்து எடுங்க, பயர்பாக்ஸ்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு புக்மார்க் எல்லாம் புள்ளி மொசில்லாங்கிற (.mozilla) ஃபோல்டர்லதான் இருக்கு. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபி-க்கு மேல உள்ள கல்யாண வீடியோ ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திக்கோங்க (மாத்தினா பென்டிரைவ்ல இருக்குறது அழிஞ்சிடும், அத மொதல்ல எடுத்து வச்சிருங்க). காப்பி ஆனதும் ரெண்டு மூணு ஃபைல பென்டிரைவ்லேர்ந்தே தெறந்து பாருங்க.

கடைக்கே கொண்டு வர்றவங்க சார்ஜரோட வாங்க, பழைய யூசர்நேம ஒரு சீட்டுல எழுதி ஒட்டிடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.