புகார்: 1952 பேஸ்பால் கார்டு ஷீட் நகலில் உள்ள தவறுகள்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விளம்பரத்துக்கு மாறான பொருளை அனுப்பியது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். அமெரிக்காவில் புரூக்ளினில் இருந்த டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்ட பேஸ்பால் கார்டுகளின் (வீரர்களின் படம் போட்ட, சேகரிப்பதற்கான அட்டைகள்) கடைசித் தொடர் வெட்டப்படாத முழு ஷீட்டாக, 'அச்சு இயந்திரத்திலிருந்து வந்தபடியே' கிடைக்கும் என்று உங்கள் தளத்தில் விளம்பரம் செய்திருந்தீர்கள். இரு பக்கமும் கண்ணாடி போட்ட அந்த நகலைத்தான் வாங்கினேன். சட்டம் நன்றாக இருக்கிறது, பேக்கிங்கிலும் குறை இல்லை. உள்ளே இருக்கும் ஷீட்தான் தவறு.

அந்தத் தொடரில் 311 முதல் 407 வரை 97 கார்டுகள். ஷீட்டிலோ 10 வரிசை, வரிசைக்கு 10 என்று 100 இடம். மீதி மூன்று இடத்தை டாப்ஸ் சும்மா விடவில்லை. 311 மிக்கி மேன்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன் ஆகிய மூவரையும் ஒரே ஷீட்டில் இரண்டு முறை அச்சடித்தது. நீங்கள் அனுப்பியதில் 311-இல் தொடங்கி வரிசையாக எண்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசி வரிசையில் 407 எடி மேத்யூஸுக்குப் பிறகு மூன்று கட்டங்களில் உங்கள் நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டிருக்கிறீர்கள்! 1952-இல் புரூக்ளின் கம்பெனி ஒன்று உங்களுக்காக மூன்று இடம் ஒதுக்கி வைத்ததா?

இதைக் கேட்டதற்கு, "ஒரே வீரர் இரண்டு முறை வந்தால் வாடிக்கையாளர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்" என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. ராமாயணம் முழுக்கக் கேட்டுவிட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா என்பது இதுதான். அந்த இரட்டிப்பைப் பார்க்கத்தான் ஷீட்டாக வாங்குகிறோம். வீரர்களின் படம் மட்டும் போதுமென்றால் தனித்தனி நகல் கார்டுகள் மலிவாகவே கிடைக்கின்றன.

இரண்டு மேன்டில் கார்டுகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி அல்ல. கார்டின் பின்பக்கத்தில் எண்ணைச் சுற்றி ஒரு பந்து வரைந்திருக்கும். அதன் தையல் ஒன்றில் வலப்பக்கம் பார்க்கும், மற்றொன்றில் இடப்பக்கம் பார்க்கும். ராபின்சனுக்கும் தாம்சனுக்கும் இப்படியே இரண்டிரண்டு வகை உண்டு. சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற இடம் இது. உங்கள் நகலில் ஒரு வகை அடியோடு காணோம்.

பின்பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் முதலில் கண்ணில் பட்டதே அதுதான். முன்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் கார்டின் முதுகு, தாளைத் திருப்பினால் வலது ஓரத்தில் வர வேண்டும். நீங்கள் இரண்டு பக்கத்தையும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் அடுக்கிவிட்டீர்கள். இந்த ஷீட்டை கட்டிங் மெஷினில் கொடுத்தால் மேன்டிலின் முகத்துக்கு 320-ஆம் எண்காரரின் முதுகுதான் கிடைக்கும். அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட பிளேட் போடுமுன் இதைச் சரிபார்ப்பான்.

கூடவே அனுப்பிய சான்றிதழில், மேன்டில் கார்டு 'இந்தத் தொடரிலேயே மிகக் குறைவாக அச்சானது' என்று இருக்கிறது. உண்மை தலைகீழ். ஷீட்டுக்கு இரண்டு வீதம் அச்சானதால், 407 மேத்யூஸைப் போல இரு மடங்கு அது வெளிவந்தது. தொடர் முழுவதுமே அரிது என்பது வேறு விஷயம். பேஸ்பால் சீசன் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் சரியாக விற்கவில்லை. தேங்கிய பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக டாப்ஸில் இந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 2022-இல் ஒரு மேன்டில் கார்டு 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது என்றால், அதற்கு ஆளின் புகழும் கார்டின் நிலையும் காரணம். ஷீட்டில் இடம் குறைந்ததால் வந்த விலை அல்ல அது.

ஆகவே, அனுப்பும் செலவு உட்பட முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். நகலை உங்கள் செலவிலேயே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் சொன்ன தள்ளுபடி கூப்பன் எனக்கு வேண்டாம். 'வந்தபடியே' என்ற வாசகத்தையும் சான்றிதழில் உள்ள அந்த வரியையும் நீக்கும்வரை இந்தப் பொருளின் விற்பனையை நிறுத்தி வையுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது, சான்றிதழின் நகல், இரு பக்கப் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்