ஆறு மாதமும் கூட நின்றவர்களுக்கு

கடைசி மாத்திரையைப் போன செவ்வாய்க்கிழமை காலையில் விழுங்கினேன். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்துவிட்டது. எடை 43 கிலோவிலிருந்து 49-க்கு ஏறியிருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. முதலில் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். பத்து வருஷமாக ஆண்கள் பொது வார்டில் வேலை. "காசநோய் வார்டு பக்கமே போகாத உனக்கு எப்படி வந்தது?" என்று பலர் கேட்டார்கள். அந்த வார்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் காற்றை வடிகட்டும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்வார்கள். அங்கே இருப்பவர்களுக்கு மருந்தும் தொடங்கியிருக்கும். சர்க்கரைக்கு, மூச்சிரைப்புக்கு என்று பொது வார்டில் சேர்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாலைந்து நாள் இருமிக்கொண்டு கிடப்பவரிடம்தான் ஆபத்து அதிகம். அவருக்கு நெபுலைசர் வைப்போம், சளி உறிஞ்சி எடுப்போம், முகத்துக்கு நேரே குனிந்து மாத்திரை கொடுப்போம். அப்போது நாங்கள் போட்டிருப்பது சாதாரண மாஸ்க். நம் வாயிலிருந்து தெறிப்பது அடுத்தவர் மேல் படாமல் அது பார்த்துக்கொள்ளும். காற்றில் மிதந்துகொண்டே இருக்கும் காசநோய்க் கிருமிக்கு அது போதாது. என்95 வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். "அந்த வார்டுக்கு மட்டும்தான்" என்று பதில் வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எந்த நோயாளியிடமிருந்து வந்தது என்று நான் தேடவில்லை. யாராக இருந்தாலும் அவரும் என்னைப் போல மாத்திரையை முடித்து, நன்றாக இருக்கட்டும்.

மூன்று வாரம் இருமினேன். சாயங்காலமானால் உடம்பு சுடும். நைட் டியூட்டி அலுப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சளி டப்பாவைக் கையில் திணித்து, "இப்பவே கொடு, நான் லேபுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று நின்றீர்களே அக்கா, அன்றைக்கு நீங்கள் விட்டிருந்தால் இன்னும் எத்தனை பேருக்குப் பரப்பியிருப்பேனோ. என் இரவுப் பணிகளைப் பங்கு போட்டுப் பார்த்த ஐந்து பேருக்கும் கடன்பட்டிருக்கிறேன். அதில் ஒருத்தி அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த சுகாதாரப் பார்வையாளர் தம்பியை மறக்க முடியாது. முதல் நாள் என் மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்திருந்தார். தம்பி தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "இது தட்டால பரவாதும்மா, காத்தாலதான். ஜன்னலைத் திறந்து வைங்க, அக்கா மாஸ்க் போட்டுக்கட்டும்." மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959-லேயே காட்டிவிட்டதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். அன்று ராத்திரியே அந்தத் தட்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது. அத்தை, அதற்கப்புறம் தினமும் ஒரு முட்டையை அவித்து, நான் சாப்பிடும் வரை நகராமல் நின்றீர்கள். முதல் இரண்டு மாதம் குமட்டலில் உங்களிடம் எரிந்து விழுந்ததெல்லாம் மனதில் இருக்கிறது.

நாலு வயது மகளுக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள்கூட விடாமல் பொடித்துக் கொடுத்தது அவள் அப்பா. என் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து நான் பதறியபோது, "அது மாத்திரையோட நிறம், அவ்வளவுதான்" என்று, நர்ஸான எனக்கே தைரியம் சொன்னவரும் அவர்தான்.

கடைசியாக, எங்கள் வார்டைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு. கொசு வருகிறது, குளிர்கிறது என்று ஆள்மாற்றி ஆள் ஜன்னலைச் சாத்துவார்கள். எனக்கு நோய் என்று தெரிந்த மறுநாள் நீங்கள் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைக் கிழித்து முறுக்கி, எல்லா ஜன்னல் கதவுகளையும் கம்பியோடு திறந்தபடியே கட்டிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நோயாளிகளுக்குக் கொசுவலையும் நீங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலைப் பணிக்கு வருகிறேன் அம்மா. அந்தத் துணியெல்லாம் நைந்துபோயிருக்கும், நல்ல நைலான் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு பேருமாகக் கட்டிவிடுவோம்.