பழைய ஃபில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டூவீலரில் பெட்ரோல் செலவைக் குறைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயரில் காற்று, கிளட்ச் பழக்கம், சிக்னலில் இன்ஜினை அணைப்பது என எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்ஜின் ஆயிலை வடிகட்டும் ஆயில் ஃபில்டர் பேச்சே இல்லை. சென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எழுதும்போது இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையை ஒட்டிய தெருவில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அவருக்குப் பிறகு கவுன்டரில் நான்தான். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக எங்கள் சாலையைத் தோண்டிய ஆண்டுகளில் காலையில் துடைத்த ஷோகேஸ் கண்ணாடியில் மதியத்துக்குள் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. அந்தப் புழுதிக்கு ஏர் ஃபில்டர் விற்பனை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. பிஸ்டன், ரிங், சிலிண்டர் கிட் என இன்ஜினின் உள்பாகங்களைக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகமானார்கள். எனக்கு அதில் லாபம் கூடுதல்தான். ஆனாலும், முன்னூறு ரூபாயில் முடிய வேண்டிய காரியத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கும் ஆட்களைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. லிட்டரில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. போரூரிலிருந்து கோடம்பாக்கத்துக்குத் தினம் வேலைக்குப் போய்வருகிறவர் வாரத்துக்கு இரண்டு லிட்டர் போட்டால், அவருடைய வண்டி 18,000 லிட்டர் காற்றை அந்தச் சாலையிலிருந்தே இழுக்கிறது. அதில் மிதப்பது மணல் தூளும் சிமென்ட்டும். மணல் துகள் இரும்பையே தேய்க்கும். உள்ளே போய் ஆயிலோடு சேர்ந்துவிட்டால் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் உரசிக்கொண்டே இருக்கும். ரிங் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும், சைலன்சரில் நீலப் புகை வரும். அப்புறம் ஃபில்டர் மாற்றிப் பயனில்லை, இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் இருந்த பழைய வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் கறுப்புப் புகை வரும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். ஓட்டுகிறவருக்கே தெரிந்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதிமுறை) வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சென்சார் கணக்குப்படி பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு அது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துச் சமாளித்துக்கொள்ளும். புகை வராது, மீட்டரில் விளக்கும் எரியாது. பிக்கப் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், நாமும் ஆக்சிலேட்டரைக் கூடத் திருகிப் பழகிவிடுவோம். அதனால் புது வண்டிக்காரர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். "அக்கா, பாலம் ஏறினா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. போன சர்வீஸ்லதான் ஏர் ஃபில்டர் மாத்தினாங்க, பில்லு இருக்கு" என்றார். ஸ்கூட்டர். பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஃபில்டரை என் கவுன்டர் மேல் வைத்தார். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மடிப்புகள் விறைப்பு போய்ப் பஞ்சு பிரிந்து கிடந்தன. தொட்டால் பிசுபிசுப்பே இல்லை. பிளாஸ்டிக் ஓரத்தில் வட்டமாக ஒரு தேதி முத்திரை இருக்கும். அதைத் துடைத்துப் பார்த்தால், தம்பி வண்டி எடுத்த வருடம். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த அதே ஃபில்டர்! ஒவ்வொரு சர்வீஸிலும் காற்று அடித்து அடித்து அதையே மாட்டியிருக்கிறார்கள். அண்ணன் ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள். அந்த இடத்தில் ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக் கூடாது. தம்பியின் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டினால்தான் அந்தப் பிள்ளைக்கு வீட்டு வாடகை. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதோடு அந்த வண்டியின் ஆயுளையும் கெடுத்திருக்கிறார்கள்.

இப்போது வரும் ஸ்கூட்டர்களிலும் தினம் வேலைக்குப் போய்வர ஓட்டும் பல கம்யூட்டர் பைக்குகளிலும் இருப்பது விஸ்கஸ் ஃபில்டர், அதாவது எண்ணெய் ஏற்றிய பேப்பர். அந்த எண்ணெய்ப் பிசுக்குத்தான் தூசியைப் பிடித்து வைக்கிறது. கம்ப்ரசர் காற்று பட்டால் பேப்பர் கெட்டுவிடும், தூசியும் உள்பக்கம் நகரும். இதைச் சுத்தம் செய்யவே கூடாது. அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் இல்லாத சாதா பேப்பர் ஃபில்டர் வேறு. அதை லேசாகத் தட்டலாம், உள்ளிருந்து வெளியே பார்த்தபடி குறைந்த அழுத்தத்தில் காற்று காட்டலாம், அதுவும் ஓரிரு முறை. ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளை இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஆயிலில் தோய்த்துப் பிழிந்து மாட்ட வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்ச் தூசியைப் பிடிக்காது. பெட்ரோலில் கழுவாதீர்கள், ஆபத்து, ஸ்பாஞ்சும் பொடிந்துவிடும். உங்கள் வண்டியில் எது என்று கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் தொட்டுப் பாருங்கள். புதுசாக இருக்கும்போதே விரலில் பிசுபிசுத்தால் விஸ்கஸ்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? பெரும்பாலான கையேடுகளில் 12,000 முதல் 18,000 வரை ஏதாவது ஓர் எண் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில், தூசி நிறைந்த இடங்களில் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்று ஒரு வரி இருக்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளிலும், மணல் லாரி ஓடும் மாதவரம், மணலிப் பக்கத்திலும், எண்ணூரில் சாம்பல் பறக்கும் தெருக்களிலும் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சின்ன எழுத்துதான் கணக்கு. என்னைக் கேட்டால் அந்த எண்ணில் பாதி வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்துவிடச் சொல்வேன். தினம் 120 ஓட்டும் டெலிவரி தம்பிகளுக்கு இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பாதி வந்துவிடும்.

திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பெட்டிக்கு அடியில் முனை மூடிய ஒரு சின்ன ரப்பர் குழாய் தொங்கும். அதில் ஆயில் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இன்ஜினில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மிஞ்சிய ஆயில், இன்ஜினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக வந்து ஃபில்டரை நனைத்துவிடும். தண்ணீர் இருந்தால் வாட்டர் வாஷில் பைப்பை நேராகக் காட்டியிருப்பார்கள், அல்லது வெள்ளத்தில் போயிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டிகளை, தண்ணீர் வடிந்த உடனே செல்ஃப் அடித்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய பேர். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நின்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூழ்கிய வண்டியில் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டும், அப்புறம் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதோ, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் இது நடக்கிறது.

கோன் ஃபில்டர் கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பெட்டியையே கழற்றிவிட்டு வெளியே தெரிகிற மாதிரி மாட்டுவது. நான் அதை வைப்பதில்லை. கம்பெனி அந்தப் பெட்டியின் அளவை வைத்துத்தான் பெட்ரோல் கணக்கை அமைத்திருக்கிறது. அதை எடுத்தால் சத்தம் கூடும், மழையில் தண்ணீரையும் உறிஞ்சும்.

ஆயில் ஃபில்டருக்கு வருகிறேன். நம் ஊரில் ஆயில் மாற்றுவதில் யாரும் குறை வைப்பதில்லை. ஃபில்டரை மட்டும் "இன்னும் ஒரு ரவுண்டு ஓடும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இன்ஜினுக்கு ஆயில் நின்றுவிடக் கூடாது என்று பல வண்டிகளில் பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். அது திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே சுற்றும். வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. புது வண்டிக்கு முதல் சர்வீஸ் மிக முக்கியம். புது இன்ஜினில் உரசி வரும் இரும்புப் பொடியெல்லாம் அந்த முதல் ஃபில்டரில்தான் இருக்கும். ஃபில்டர் மாற்றும்போது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். பழைய ஓ-ரிங் இறுகித் தட்டையாகி ஆயில் கசியும். இன்னொரு விஷயம்: சில ஃபில்டர்களுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. 'அவுட்சைடு' என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். திருப்பி மாட்டினால் ஆயில் ஓட்டம் அடைபட்டு இன்ஜின் ஜாம் ஆகும். அவசர வேலையில் இப்படி நடக்கிறது.

எல்லா வண்டியிலும் மாற்றுகிற ஆயில் ஃபில்டர் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டிகளில் இருப்பது ஒரு கம்பி வலையும், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கோடு சேர்ந்து சுற்றும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டரும். சுற்றுகிற வேகத்தில் அழுக்கு ஓரத்தில் அப்பிக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து வழித்துத் துடைத்து, மூடியின் இடுக்கில் கசியாமல் இருக்கும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு மூட வேண்டும். நிறைய மெக்கானிக் கடைகளில் இதைத் திறப்பதே இல்லை. ஸ்கூட்டர்களிலும் அநேகமாக வலை மட்டும்தான். ஆனால் அப்படிப்பட்ட 100 சிசி வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த சர்வீஸ் பில்லில் 'ஆயில் ஃபில்டர் - 1' என்று தனியாகத் தொகை போட்டிருந்தது. அந்த வண்டியில் இல்லாத பாகம்! அவர் அதே ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் வந்திருந்தார்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். பொட்டலப் பொருளுக்குத் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அச்சிட வேண்டும் என்பது விதி. டூப்ளிகேட்டில் பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்று இருக்காது. உள்ளே பிரித்துப் பார்த்தால் மடிப்பு குறைவாகவும் கோணலாகவும் இருக்கும், பசை வழிந்திருக்கும், ஓரத்து ரப்பர் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் விறைப்பாக இருக்கும். ரப்பர் பெட்டியோடு படியாவிட்டால் எவ்வளவு நல்ல பேப்பராக இருந்தும் தூசி ஓரமாகப் போய்விடும். வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகள் எத்தனையோ உண்டு. பாதி விலைக்குக் கேட்டு நச்சரித்தால் பாதி விலைச் சரக்குதான் எங்கும் கிடைக்கும்.

ஆசிரியர் அவர்களே, வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வண்டியை சர்வீஸுக்கு விடும்போதே, செய்ய வேண்டிய வேலையை எழுதும் ஜாப் கார்டில் 'மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே விடாதீர்கள். ஏர் ஃபில்டரை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அதன் நிலையே அடுத்த முறை எப்போது மாற்றுவது என்று சொல்லிவிடும். ஆயில் ஃபில்டரை மட்டும் பார்த்துவிட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள். பழைய ஆயில் 2016 விதிகளின்படி அபாயகரமான கழிவு, வீட்டுக் குப்பையிலோ மழைநீர் வடிகாலிலோ போகக் கூடாது. பில்லில் ஃபில்டர் மாற்றியபோது இருந்த கிலோமீட்டரையும் எழுதி வாங்குங்கள். மாற்றாமலே பணம் வாங்கியது தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

கம்பெனிகளிடமும் ஒரு வேண்டுகோள். கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும் அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சிட்டு, வண்டியோடு தனித்தாளாகக் கொடுங்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையேட்டைப் பிரித்ததே இல்லை. பிரித்த சிலரும் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க ஒப்பந்ததாரர்களை மெட்ரோ நிர்வாகம் கட்டாயப்படுத்த வேண்டும். உங்கள் நிருபர் ஒருவரை ஆற்காடு சாலைக்கு அனுப்பினால், கழற்றிய ஃபில்டர்களை நானே எடுத்து வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்பேர்ஸ் கடை நடத்தும் வாசகி,
வளசரவாக்கம், சென்னை - 87.