அந்தக் கட்டடத்தை நான் மறந்துவிட்டேன்

அன்புள்ள காத்தாடிக்கு,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். முதல் கடிதம் வந்தபோது வேலை கழுத்தை நெரித்தது. இரண்டாவது வந்தபோது, முதலாவதுக்கே பதில் போடவில்லையே என்ற வெட்கம். வெட்கத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும் என்று உனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் நலம், என் முதுகைத் தவிர. சிக்மா சாரிடம் போனில் பேசினேன். ஸ்டாப்வாட்ச் விவகாரத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. செய்தது நீதான் என்று நானும் இன்னும் சொல்லவில்லை. அந்த நன்றியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன மாதம் ஏர்மாட் பயிற்சி வகுப்புக்குப் போனேன், புகைபோக்கிப் புகை எங்கே எவ்வளவு விழும் என்று கணக்குப் போடும் அதே மென்பொருளுக்கு. சிரிக்காதே. பதினோரு வருஷமாக அந்த மென்பொருளை வைத்துச் சோறு தின்கிறவனுக்குப் பயிற்சி எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஆபீசில் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மூன்று நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று கிளம்பினேன்.

பாடம் எடுத்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். வந்ததும் சொன்ன முதல் வாக்கியம்: "கலர் படம் வரையற விண்டோ எல்லாத்தையும் மூடுங்க. நோட்பேடைத் திறங்க." நீ எனக்கு வைத்த 'கலர் பென்சில்' என்ற பெயர் அவர் காதில் எப்படி விழுந்தது என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. வெற்றுத் திரையில் 'சிஓ ஸ்டார்ட்டிங்' என்று கையால் அடிக்க வைத்தார். கட்டுப்பாடு, மூலம், ஏற்பிகள் (செறிவைக் கணக்கிடும் புள்ளிகள்), வானிலை, வெளியீடு என்று ஐந்து பகுதி, அவ்வளவுதான் மொத்த உள்ளீட்டுக் கோப்பும். இத்தனை வருஷமாகப் பட்டனை அழுத்தி நான் உண்டாக்கிய கோப்பை ஒரு தடவைகூடத் திறந்து படித்ததில்லை. கார் ஓட்டத் தெரிந்தவன் பானெட்டைத் திறக்காமலே இருந்த மாதிரி.

புகைபோக்கிக்கு ஒரு வரியில் ஐந்து எண்கள் கொடுக்க வேண்டும்: விநாடிக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது, உயரம், வெப்பநிலை, வேகம், விட்டம். வெப்பநிலை கெல்வினில். என் பக்கத்தில் இருந்த பையன் 140 என்று செல்சியஸ் எண்ணை அப்படியே அடித்துவிட்டான். 140 கெல்வின் என்றால் செல்சியஸில் பூச்சியத்துக்குக் கீழே 133 டிகிரி. "உங்க பாய்லர்ல ஐஸ்கட்டியா எரிக்கிறீங்க?" என்று கேட்டார். வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த புகைக்கு மேலே எழும்பும் மிதப்பே இருக்காதே. வகுப்பே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் மதியத்துக்குள் மெயிலை மறந்துவிட்டேன். சிக்மா சார் கரும்பலகையில் வரைவாரே, காற்றின் நிலையை ஏ முதல் எஃப் வரை பிரித்து, புகை எவ்வளவு விரியும் என்று காட்டும் ஆறு வளைகோடு, அதை நாம் வேதவாக்காக மனப்பாடம் செய்தோமே? அவை பெரும்பாலும் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1956 கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு புல்வெளி. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கந்தக டை ஆக்சைடைத் திறந்துவிட்டு, 50 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை ஐந்து வளைவுகளாகக் கருவிகளை நட்டு அளந்திருக்கிறார்கள். தட்டையான புல்வெளி, தரையோடு தரையாக வாயு, ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். அதை வைத்துக்கொண்டு நாம் உயரமான புகைபோக்கிகளுக்குப் பல கிலோமீட்டர் கோடு இழுத்தோம், பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கினோம்!

ஏர்மாட் அந்த எழுத்து வகுப்புகளை விட்டுவிட்டது. 1991-ல் அமெரிக்க வானிலைச் சங்கமும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து குழு போட்டு ஆரம்பித்த வேலை, 2005 கடைசியில்தான் பழைய ஐஎஸ்சி மாடல் இருந்த இடத்துக்கு அதிகாரபூர்வமாக வந்தது. வெயில், காற்று, தரையின் கரடுமுரடு இவற்றிலிருந்து அந்த மணி நேரத்துக்கான கொந்தளிப்பை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் பகல் கணக்கு. வெயில் ஏறிய பிறகு மேலே எழும் காற்று ஒல்லியாக, வேகமாகப் போகிறது. கீழே இறங்கும் காற்று அகலமாக, மெதுவாக வருகிறது. அப்படியென்றால் ஒரு புகைத்துணுக்கு ஏறும் காற்றில் மாட்டுவதைவிட இறங்கும் காற்றில் மாட்டும் வாய்ப்புதான் அதிகம். மாடி ஜன்னலில் நின்று மதியப் புகை திடீரென்று மடங்கித் தரையைத் தொடுவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். அதனால் பகலில் கோவில்மணி மாதிரியான ஒற்றை வளைவுக்குப் பதில் இரண்டைச் சேர்த்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோணலாகப் போடுகிறார்கள். அழகான யோசனை இல்லையா? நீ உன் பெரிய வானிலை மாடலின் திமிரில் "இதெல்லாம் ஒரு மாடலா" என்பாய். என் புகைபோக்கி உன் கட்டத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எரிச்சல் வந்த இடமும் உண்டு. செறிவு கணக்கிடும்போது வெளியேற்றத்தைக் காற்று வேகத்தால் வகுக்கிறோம். காற்றே இல்லாத மணி வந்தால்? பூச்சியத்தால் வகுக்க முடியாது, எனவே அந்த மணியை மென்பொருள் தாண்டிப் போய்விடும். 24 மணி நேரச் சராசரி எடுக்கும்போது செல்லுபடியாகும் மணிகள் 18-க்குக் குறைவாக இருந்தாலும் 18-ஆல்தான் வகுக்கும். இலை அசையாத ராத்திரியில்தானே புகை அப்படியே குந்திக்கொண்டு மனிதனை இருமவைக்கிறது? அந்த ராத்திரிதான் கணக்கில் இல்லை. வகுப்பில் கேட்டேன். "ஆமா. அதை ரிப்போர்ட்ல எழுதுறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். எழுதினதில்லை. நான் எழுதுவது கனமீட்டருக்கு 38.2746 மைக்ரோகிராம் என்று நாலு தசமம். உச்ச அளவில் 10 முதல் 40 சதவீதம் வரை பிழை சகஜம் என்று அந்த முகமையின் வழிகாட்டியே சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட இடம், ஒரு குறிப்பிட்ட நேரம் என்றால், காற்றுத் திசையில் 5, 10 டிகிரி தடுமாறினாலே 20 முதல் 70 சதவீதம் வரை போய்விடும். நாலு தசமம் யாருக்காகப் போட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, இதெல்லாம் முன்னுரை. இனி விஷயம்.

மூன்றாம் நாள் கட்டடங்கள். காற்று ஒரு கட்டடத்தின் மேல் மோதித் தாண்டும்போது பின்பக்கம் ஒரு பள்ளம் மாதிரி உண்டாகும். சுவருக்குப் பின்னால் காய்ந்த இலையும் காகிதமும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு கிடக்குமே, அதுதான். குட்டையான புகைபோக்கி பக்கத்தில் நின்றால் அந்தச் சுழல் புகையைத் தரைக்கு இழுத்துவிடும். எவ்வளவு உயரம் இருந்தால் தப்பிக்கலாம் என்பதற்குச் சின்ன சூத்திரம்: கட்டடத்தின் உயரம், அதோடு உயரம் அல்லது அகலம் இவற்றில் எது குறைவோ அதன் ஒன்றரை மடங்கு. அதற்குக் கீழே நிற்கும் புகைபோக்கிக்குக் கட்டட விவரம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குத் தனி நிரல் இருக்கிறது. பத்து டிகிரிக்கு ஒன்றாக 36 திசைகளிலிருந்தும் கட்டடத்தைப் பார்த்து, உயரம், அகலம், நீளம், இரண்டு இடப்பெயர்வுகள் என்று ஐந்து வகை எண்களைத் தரும். ஒரு புகைபோக்கிக்கு 180 எண். கோப்பைத் திறந்தால் கண்ணில் படாமல் போகாது, பக்கம் முழுக்க எறும்பு வரிசை மாதிரி இருக்கும்.

அவர் திரையில் அந்த எறும்பு வரிசையைக் காட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வரிசையை நான் எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை. சரி, நான்தான் கோப்பையே திறப்பதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி அறைக்கு வந்து பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றில் இல்லை.

நாலு வருஷத்துக்கு முந்திய வேலை. புகைபோக்கி 32 மீட்டர். அதிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி கொதிகலன் கூடம், உயரம் 24, அகலம் 40. நீயே போட்டுப் பார்: 24 கூட்டல் 36, அறுபது. நான் 32 மீட்டர் புகைபோக்கியை வெட்டவெளியில் நிற்கிற மாதிரி ஓட்டியிருக்கிறேன். கட்டடம் வரைபடத்தில் இருக்கிறது, நானே நீலக் கலரில் அழகாக வரைந்திருக்கிறேன். கணக்கில் மட்டும் இல்லை. மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டடம் இல்லாத புகைபோக்கிகளும் உலகத்தில் உண்டுதானே, அதற்கு எப்படித் தெரியும்? 'வெற்றிகரமாக முடிந்தது' என்று கடைசி வரியில் போட்டுவிட்டுப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு நானும் டீ குடிக்கப் போயிருப்பேன்.

இன்னொன்று கேள். ஏற்பிகளை 250 மீட்டருக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். கட்டடம் இழுத்துப் போடும் புகை விழுவது பக்கத்திலேயே. அதனால் கட்டடத்தைச் சேர்த்திருந்தாலும் என் வலையில் அந்தப் புள்ளி மாட்டியிருக்காது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடி வைத்திருக்கிறது.

அன்று ராத்திரி ஒன்றரை மணிக்குத் திருத்திப் போட்டு ஓட்டினேன். உச்சம் இடம் மாறிவிட்டது. ரிப்போர்ட்டில் நான் எழுதிய வாக்கியம் எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது: "அதிகபட்சச் செறிவு ஆள் நடமாட்டமில்லாத தரிசு நிலத்தில் விழுகிறது." இப்போது அது வேலியை ஒட்டி வெளியே விழுகிறது. அங்கே வீடுகள் இருக்கின்றன. ஆய்வுக்குப் போனபோது அந்த வீடுகளில் ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்து ஷூவில் ஏறிய முள்ளைப் பிடுங்கியிருக்கிறேன்டா. மேலே துணி காய்ந்துகொண்டிருந்தது.

என் மேலாளரிடம் சொன்னேன். "நாலு வருஷம் ஆச்சு, அனுமதியும் வாங்கியாச்சு. இப்ப யாராவது கேட்டாங்களா?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். எனக்கும் பயம்தான், கையெழுத்து என்னுடையது. மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் மாடல் எப்படியும் தோராயம்தானே, 40 சதவீதம் அப்படி இப்படி இருக்கும்தானே என்று எனக்கு நானே வாதாடினேன். வழிகாட்டி சொல்கிற பிழை வேறு, கட்டடத்தைப் போட மறப்பது வேறு. அது தெரிந்துகொண்டேதான் வாதாடினேன்.

நாலாம் நாள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, பழைய கணக்கில் ஒரு பகுதியை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, எழுத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எவ்வளவு மோசம்?" என்று மட்டும் கேட்டார். உறுதி செய்துகொண்டு சொல்கிறேன் என்றேன்.

அதற்குத்தான் நீ. இதோடு ஒரு பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். பழைய உள்ளீட்டுக் கோப்பு, கட்டட மூலைகளின் ஆயங்கள், இரண்டு வானிலைக் கோப்புகள், வேலியின் எல்லை எல்லாம் அதில் இருக்கின்றன. என் புதிய ஓட்டம் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. கட்டட நிரலை நீயே ஓட்டு, வலையை நீயே போடு, வேலிக்குப் பக்கத்தில் 50 மீட்டர் இடைவெளிக்கு மேல் போகாதே. வானிலைக் கோப்பைத் தயாரிக்கும் ஏர்மெட் வேலையையும் ஒரு பார்வை பார். கரடுமுரடு எண்ணைக் காற்றுமானி இருக்கும் இடத்துக்குப் போட வேண்டும், புகைபோக்கி இருக்கும் இடத்துக்கு அல்ல. அதிலும் நான் கோட்டை விட்டிருக்கிறேனா என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. நிரல்கள் எல்லாம் அந்த முகமையின் தளத்தில் இலவசம். காசு கொடுத்து வாங்குவது அந்தக் கலர் விண்டோவை மட்டும்தான், உனக்கு அது தேவைப்படாது. நீதான் ஃபோர்ட்ரானோடு பிறந்தவனாயிற்றே.

நெடுந்தூரப் புகைக்குக் கால்பஃப் மாடலைப் பயன்படுத்தலாமா என்று உன் மாணவன் கேட்ட சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஒரு வருஷம் தாமதமாக. கால்பஃபை நெடுந்தூரக் கணக்குக்கான விருப்பப் பட்டியலிலிருந்து அந்த முகமை 2017-லேயே எடுத்துவிட்டது. ஏர்மாட் 50 கிலோமீட்டரோடு சரி. அவனுக்கு வேண்டியது காற்று எந்த வழியாக வந்தது என்பது மட்டும்தான் என்றால் ஹைஸ்பிளிட் மாடல் போதும்.

வாடிக்கையாளருக்குக் கடிதம் வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி போகிறது. உன் பதில் வந்தாலும் போகும், வராவிட்டாலும் போகும். வந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு என்று எழுதலாம். நான் கண்ட எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீ ஆறுதல் எதுவும் எழுத வேண்டாம். உச்சம் எவ்வளவு, எந்தப் புள்ளியில், இந்த இரண்டையும் ஒரு வரியில் அனுப்பு. தசமம் வேண்டாம்.

இப்படிக்கு,
கலர் பென்சில்