மீள்நடுகைக் கணக்கும் பேசப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றித் தங்கள் பத்திரிகையில் தொடர்ந்து எழுதப்படுவது வரவேற்கத்தக்கது. அந்தச் சம்பளத்தைத் தரவேண்டிய பெருந்தோட்டக் கம்பனிகள் தமது இலாபத்தையும் கடனையும் எதில் இடுகின்றன என்பதும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டும்.

மீள்நடுகைக்காக, அதாவது புதுக் கன்று நடுவதற்காக, விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலைச் செடிகளை ஒரு மலையிலிருந்து பிடுங்கினால், மண்ணைத் தேற்ற மானாப் புல்லோ கோதமாலாப் புல்லோ வளர்த்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கன்று நட்ட பின் ஒழுங்காகக் கொழுந்தெடுக்க மேலும் மூன்று ஆண்டுகளாவது செல்லும். இந்த ஐந்து ஆண்டுகளும் செலவு மட்டுமே. கம்பனிகள் அரசிடமிருந்து பெற்ற 53 ஆண்டுக் குத்தகையோ 1992இலிருந்து கணக்கிடப்பட்டு 2045இல் முடிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலன் தரக்கூடிய செடியின் விளைச்சலில் பாதியளவே தமக்குக் கிடைக்கும் என்று தெரிந்த பின், எந்த முகாமையாளரும் நடத் தயங்குவார்.

வட்டி அந்தத் தயக்கத்தை இன்னும் வளர்க்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய பெறுமதி, 10 சதவீத வட்டியில் ஏறத்தாழ 39 ரூபாய். 20 சதவீதத்தில் 16 ரூபாய். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, நீண்டகால முதலீடுகள் எல்லாம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்பதை இதிலிருந்தே கணிக்கலாம். குறுங்காலக் கடனை வாங்கி ஐந்தாண்டு வருமானமில்லாத மலையில் போடுவது ஆபத்தானது என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால், நடாமல் விட்ட மலையின் நட்டத்தை யார் சுமக்கிறார்கள்? என் தாயார் கொழுந்தெடுத்த அதே செடிகளில் இன்று என் அண்ணன் மகள் எடுக்கிறாள். செடி கிழடாகிவிட்டதால் நிறை வருவதில்லை. நிறை குறைந்த நாளில் அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளம்தான். கம்பனியின் இடர் முகாமைத்துவத்தில் தவிர்க்கப்பட்ட இடர், அவளுடைய சம்பளச் சீட்டில் வந்து விழுகிறது.

ஆகவே, குத்தகை நீடிக்கப்படுமானால், ஒவ்வொரு தோட்டத்திலும் ஆண்டுதோறும் இத்தனை ஹெக்டேர் மீள்நடுகை செய்யப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனையாக இருக்க வேண்டும். பங்குதாரருக்கு வழங்கப்பட்ட பங்கிலாபத் தொகையையும், அந்தத் தோட்டத்தில் நடப்பட்ட பரப்பையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, ஆண்டுக்கொரு முறை தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் ஒட்டும்படி தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக்கல்வி ஆசிரியர்,
தலவாக்கலை.