கடல் படகு இன்ஜின் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். நம் குழுவில் சிலர் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். தர்மபுரியில் டிராக்டரும் லாரியும் பிரித்த கைகளுக்கு டீசல் இன்ஜின் புதிதில்லை. குளிர்விக்கும் முறைதான் வேறு.

கடல்நீரையே நேராக பிளாக்குக்குள், அதாவது இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலுக்குள், விடுவது செலவு குறைவு. ஆனால் உப்பு வார்ப்பிரும்பை உள்ளிருந்தே அரித்துவிடும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் உப்பும் சுண்ணாம்பும் படியத் தொடங்கும். அதனால் இன்ஜினைக் குறைந்த சூட்டிலேயே ஓட்ட வேண்டியிருக்கும், டீசலுக்கு அது நல்லதில்லை.

யாராவது யோசனை கேட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் பெட்டி) வைத்த இன்ஜினையே சொல்லுங்கள். குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பிளாக்குக்குள் தனியாகச் சுற்றும், கடல்நீர் எக்ஸ்சேஞ்சரோடு சரி. பெரும்பாலும் அதில் ஒரு ஜிங்க் பென்சில் (துத்தநாகக் குச்சி) திருகியிருக்கும். உப்பு அதைத்தான் முதலில் தின்னும். கழற்றிப் பாருங்கள், பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம், கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் (உள்ளே சுழலும் சக்கரத்தில்) ஓர் இறக்கை ஒடிந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடியைப் போடாதீர்கள். அது எக்ஸ்சேஞ்சர் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

சேறும் மணலும் கலங்கும் முகத்துவாரத்தில் ஓடும் படகுக்கு, அடிப்பகுதியில் வெளியே குழாய் ஓட்டி அதற்குள் கூலன்ட்டைச் சுற்றவிடும் கீல் கூலிங் நல்லது. சிப்பி ஒட்டாமல் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூலன்ட் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் ஊர் போர் தண்ணீர் ரேடியேட்டரில் எப்படிப் படிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் வந்தால் கழற்றிய பாகத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள்.